ஃபேட் பைக்கில் மோட்டார்: வாஷர் போட்டுச் சமாளிக்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 26 இன்ச் ஃபேட் பைக், டயர் 4 இன்ச். தரமணி ஆபீஸுக்குப் போய்வர ஆன்லைனில் பின்சக்கர ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவே உட்காரும் மோட்டார்) கிட் வாங்கினேன். ‘எல்லா 26 இன்ச் சைக்கிளுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தார்கள். ஃபிரேமில் வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி. வாஷர் போட்டு முறுக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா? – வாசகர், வேளச்சேரி

பதில்: வேண்டாம். 26 இன்ச் என்பது சக்கரத்தின் உயரம்தான். சாதாரண மவுண்டன் சைக்கிளில் ஆக்சில் உட்காரும் காடிகளுக்கு நடுவே 135 மி.மீ.; ஃபேட் பைக்கில் பெரும்பாலும் 170 அல்லது 190. அவ்வளவு தூரத்தை வாஷரால் அடைத்தால் நட்டு பிடிக்க ஆக்சிலில் மரையே மிஞ்சாது, டிஸ்க்கும் செயினும் கோட்டில் நிற்காது. போதாததற்கு, கிட்டோடு வந்த ரிம் ஒல்லியானது. உங்கள் டயருக்கு ஆகாது.

திருப்பிக் கொடுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளை விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். அந்த விளம்பர வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ஆனால் ஒன்று, அந்த மோட்டாரை உங்கள் ரிம்மில் கம்பி (ஸ்போக்) போட்டுக் கோத்துப் பார்த்துவிட்டால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று கைவிரிப்பார்கள்.

அடுத்து காடி இடைவெளியை அளந்து, அதே அளவு மோட்டாரை வாங்கி, உங்கள் ரிம்மிலேயே கோத்துக்கொள்ளலாம். ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் கம்பிக்கு 36 ஓட்டை. உங்கள் ரிம்மில் 32 என்றால் ரிம்மும் புதிதுதான். பழைய கம்பி உதவாது. மோட்டாரின் விட்டம் பெரிது, கம்பி குட்டையாக வேண்டும். மூன்று குறுக்கு (ஒரு கம்பி மற்ற மூன்று கம்பிகளைக் கடப்பது) போட்டால், ரிம்மில் கம்பியைப் பிடிக்கும் நிப்பிள் அருகே கம்பி மடங்கி ஒடியும். ஒரே குறுக்கு போதும். தடிமனாக இருந்தால்தான் பலம் என்று 12 கேஜ் கம்பியைத் தலையில் கட்டுவார்கள் (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்); 13 கேஜே தாராளம். சைக்கிள் கடைகள் இருக்கும் ரத்தன் பஜாரில் கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய கையாகப் பார்த்துக் கொடுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். 50 கி.மீ. ஓட்டியதும் கம்பிகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

1000 வாட் ஆசை வந்தால்? 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். எந்த மோட்டார் போட்டாலும் டார்க் ஆர்ம் (ஆக்சில் சுழலாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் துண்டு) மட்டும் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் அலுமினிய காடியில் ஆக்சில் சுழன்றால் வயர் அறுந்து, சக்கரமே கழன்றுவிடும்.