ரெண்டு பக்கமும் இடிக்குதா? கேள்வில தப்பில்ல

கேள்வி: சார், பேங்க் எக்ஸாமுக்கு படிச்சிட்டிருக்கேன். எப்பவும் உண்மையே பேசுறவங்க, எப்பவும் பொய்யே பேசுறவங்கன்னு ரெண்டு ரகம் ஆளுங்க மட்டும் இருக்கற ஊர் புதிர்ல மாட்டிக்கறேன். அமுதா சொல்றா, "பாலு, சித்ரா ரெண்டு பேருமே உண்மை பேசுறவங்க". பாலு சொல்றான், "அமுதா பொய் பேசுறவ". சித்ரா சொல்றா, "நானும் பாலுவும் ஒரே ரகம்". அமுதா உண்மைன்னு வெச்சாலும் இடிக்குது, பொய்னு வெச்சாலும் இடிக்குது. கேள்வியே தப்பா? இல்ல 8 கேஸும் போட்டுப் பாக்கணுமா?

பதில்: கேள்வி சரியாத்தான் இருக்கு, 8 கேஸும் வேண்டாம். நீங்க எங்க வழுக்கினீங்கன்னு என்னால யூகிக்க முடியுது, ஏன்னா பாதிப் பேர் அங்கதான் வழுக்குறாங்க. அமுதா பொய்னு வெச்சதும் "அப்போ பாலு, சித்ரா ரெண்டு பேரும் பொய்"னு எழுதிட்டீங்க, உடனே பாலு சொன்னது உண்மையா வந்து நின்னு இடிச்சிருக்கும்.

ஹோட்டல்ல சர்வர் "இட்லி, வடை ரெண்டுமே இருக்கு"ன்னு சொல்றார், போய் பாத்தா இட்லி இருக்கு வடை தீந்து போச்சு, அப்போ அவர் சொன்னது பொய் தானே? ரெண்டும் தீந்திருக்கணும்னு அவசியமே இல்லயே. அதே மாதிரி "ரெண்டு பேரும் உண்மை"ங்கறது பொய்னா, ரெண்டுல ஒருத்தராவது பொய், அவ்ளோதான். இதை மட்டும் மாத்திட்டு திரும்ப போடுங்க, வந்துடும்.

ஆனா நான் போட்டா அமுதா கிட்ட ஆரம்பிக்கவே மாட்டேன். யார் தன்னையும் சேத்து பேசுறாங்கன்னு தேடுவேன், இங்க அது சித்ரா. அவ உண்மைன்னா பாலுவும் அவ ரகம், அதாவது உண்மை. அவ பொய்னா ரெண்டு பேரும் வேற வேற ரகம், அவ பொய்ங்கறதால பாலு உண்மை. எப்படிப் போனாலும் பாலு உண்மை! சித்ரா யாருன்னே தெரியாம பாலுவை புடிச்சாச்சு. பாலு உண்மைன்னா அமுதா பொய். அமுதா பொய்னா ரெண்டுல ஒருத்தராவது பொய், பாலு இல்லங்கறதால அது சித்ரா. மூணே வரி, ஒரு கேஸ் கூட முழுசா போடல.

இதை அப்படியே மனசுல வெச்சுக்கோங்க: "நானும் அவரும் ஒரே ரகம்"னு யார் சொன்னாலும் அந்த "அவர்" உண்மை, "வேற வேற ரகம்"னா அந்த "அவர்" பொய். அப்புறம் "நான் பொய் பேசுறவன்"னு இந்த ஊர்ல யாராலயும் சொல்லவே முடியாது, உண்மைக்காரர் சொன்னா அது பொய்யாயிடும், பொய்க்காரர் சொன்னா உண்மையாயிடும்.

இந்த வழுக்கல் ரொம்பப் பழசுங்க. கிரீட் தீவுக்காரர் எபிமெனிடீஸ் "கிரீட்காரங்க எல்லாருமே பொய்யர்கள்"னு சொன்னதா ஒரு பழைய கதை இருக்கு, அதை விடையே இல்லாத முரண்னு பல பேர் சொல்வாங்க. விடை இருக்கு. அவர் உண்மை பேசுறவரா இருக்க முடியாது, சரி, அப்போ அவர் சொன்னது பொய், அதாவது கிரீட்ல யாரோ ஒருத்தராவது பொய்யர் இல்ல. அதுல என்ன இடிக்குது? "எல்லாரும் பொய்"யோட எதிர் "எல்லாரும் உண்மை"ன்னு எடுத்தாதான் இடிக்கும், உங்க கணக்குல நடந்த அதே கூத்து.

"அப்படின்னா" போட்டு வர்ற வாக்கியம் இன்னும் மோசம். "நான் உண்மை பேசுறவன்னா, என் தம்பியும் உண்மை பேசுறவன்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. இந்த மாதிரி வாக்கியம் பொய்யாக ஒரே வழிதான், முன்பாதி உண்மையா இருந்து பின்பாதி பொய்யா போகணும். அவர் பொய்க்காரர்னா முன்பாதியே பொய், அப்போ வாக்கியம் உண்மையாயிடுது, பொய்க்காரர் எப்படி உண்மை சொல்வார்? அதனால அவர் உண்மை, தம்பியும் உண்மை. முதல் தடவை பாக்கறப்ப ஏமாத்து வேலை மாதிரிதான் இருக்கும், பேப்பர்ல நீங்களே ஒரு வாட்டி எழுதிப் பாருங்க.

இந்த வகைப் புதிர்களை நிறைய பேர்கிட்ட கொண்டு சேத்தவர் அமெரிக்க தர்க்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன், 1919ல பொறந்து 2017ல போனவர், மேஜிக் ஷோ வேற பண்ணிட்டிருந்தார். உண்மை, பொய், இஷ்டத்துக்கு பேசுறதுன்னு மூணு கடவுள்களை வெச்சு இன்னொரு அமெரிக்க தர்க்கவியலாளர் ஜார்ஜ் பூலோஸ் 1996ல வெளியிட்ட புதிர் ஒண்ணு இருக்கு, அதை இப்போ தொடாதீங்க, எக்ஸாம் முடியட்டும்.

எக்ஸாம்ல ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. "மூணு பேர் சொன்னதுல ஒண்ணுதான் உண்மை, திருடன் யார்?"னு வந்தா அது இந்த ஊர் இல்ல. அங்க ஆளுங்க ரகத்தை யோசிக்காம, ஒவ்வொருத்தரையா திருடன்னு வெச்சு எத்தனை வாக்கியம் உண்மையாகுதுன்னு எண்ணுங்க, ஒண்ணு மட்டும் வர்ற இடத்துல இருக்கறவர்தான் திருடன். உண்மையும் பொய்யும் மாத்தி மாத்தி பேசுற மூணாவது ரகம் வந்தா, முதல்ல எது சொன்னார் அடுத்து எது சொன்னார்ங்கற வரிசையும் முக்கியம், அதை ஓரமா நம்பர் போட்டுக்கோங்க.