அதே பாதி வாக்குதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசியலமைப்பைக் காப்பாற்றுவது நீதிமன்றமும் விழிப்பான மக்களும்தான் என்று நம்புகிறவன் நான். என் நண்பரோ, தேர்தல் முறையைச் சரியாக அமைத்தாலே பாதி வேலை முடிந்தது என்கிறார். வாக்கை எப்படிக் கணக்குப் போட்டால் என்ன, ஜெயிக்கிறவர் ஜெயிக்கத்தானே போகிறார்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஜெயிக்கிறவர் ஜெயிப்பார், சரி. எவ்வளவு ஜெயிக்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள்.

1970இல் அங்கேயும் நம்மூர் மாதிரி, தொகுதியில் முந்தியவருக்கே இடம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறக்குறைய 38 சதவீத வாக்கு, சுதந்திரக் கட்சிக்கு 37. ஆனால் முதல் கட்சிக்கு 17 இடம், இரண்டாவதற்கு 91! (சுதந்திரக் கட்சி கூட்டணிக்காகப் பல தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கூட்டணிக்கு மொத்தம் 151க்கு 116. அந்தப் பலத்தில் 1972இல் புது அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு போயிற்று. 1975இல் நடக்க வேண்டிய தேர்தலும் 1977க்குத் தள்ளிப்போனது.

1977இல் காற்று திசை மாறியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீத வாக்கு, 168க்கு 140 இடம். 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. வாக்கில் வெகு பின்னால் இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வடகிழக்கில் 18 இடம் கிடைத்ததால் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். நாட்டில் பாதிப்பேர் எதிர்த்து வாக்களித்திருந்தும் சபையில் அந்தக் கட்சியின் தலைவர் ஜெயவர்த்தனாவைத் தடுக்க ஆளில்லை. 1978இல் இன்னொரு அரசியலமைப்பு. 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருஷம் நீட்டிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையைக் கொண்டுவந்ததும் அதே ஜெயவர்த்தனாதான். அந்த முறையில் முதல் பொதுத் தேர்தல் 1989இல் நடந்தது. அவருடைய கட்சிக்கு மறுபடியும் 51 சதவீதம். இந்தத் தடவை 225க்கு 125 இடம்தான். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 வேண்டும். ஆட்சி நடத்தலாம், அரசியலமைப்பில் கை வைக்க மற்றவர்களிடம் போய் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். வாக்கு எண்ணும் முறை காவல் நிற்பது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உங்கள் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். 2010இல் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் கூட்டணிக்குத் தேர்தலில் கிடைத்தது 144. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடக்கூடாது என்ற தடையை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்குச் சில மாதத்திலேயே சபையில் விழுந்த வாக்கு 161. எதிரணிச் சின்னத்தில் ஜெயித்து வந்தவர்களும் கை தூக்கினார்கள். விகிதாசாரம் பூட்டைத்தான் மாட்டியது. சாவி சில உறுப்பினர்களின் சட்டைப்பையில் இருந்தது.