முன்பணமும் சேனலும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் என்னுடையது. அப்பாவின் விசைப்படகில் போய் மீன்பிடிப்பதை வீடியோ எடுத்து ஐந்து வருடமாக யூடியூபில் போட்டுவருகிறேன். இப்போது வெறுத்துவிட்டது. தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போதும் வாரம் இரண்டு வீடியோ வேண்டும் என்கிறது, விளம்பரம் பிடித்துத் தரும் ஏஜென்சி. ஆறு விளம்பர வீடியோவுக்கு முன்பணம் வாங்கி மூன்றுதான் கொடுத்திருக்கிறேன். பணம் என்ஜினுக்குப் போய்விட்டது. ரம்மி விளம்பரம் ஒன்று செய்தால் எல்லாம் தீரும் என்று ஒருவர் சொல்கிறார். சேனலை அழித்துவிடலாமா, தம்பியிடம் கொடுத்துவிடலாமா? பார்ப்பவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர்களை ஏமாற்றுகிறேனோ என்று தூக்கமே வருவதில்லை.

ர.

அன்புள்ள ர.,

பார்ப்பவர்களை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு வேறொரு படகின் வீடியோவைப் பார்ப்பார்கள், அதில் தப்பொன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வரிதான்: பணம் என்ஜினுக்குப் போய்விட்டது. முன்பணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரி கொடுக்கும் முன்பணம் நம் கரையில் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலைக்குக் கொடுப்பார், என்ஜினுக்குக் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், தவணையும் கேட்கமாட்டார். அந்தப் படகின் இறாலும் நண்டும் கணவாயும் அவரிடமே போக வேண்டும். விலையை அவரே சொல்வார். வட்டி அந்த விலைக்குள் இருக்கிறது. வருடக்கணக்காக மீன் போட்டாலும் அசல் அப்படியே நிற்கும். வேறு வியாபாரியிடம் போக வேண்டுமானால் அவர் பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும். ஆள் மாறுவார், கடன் மாறாது. கொடுத்த பணம் திரும்பி வருவதைவிட நீங்கள் வேறெங்கும் போகாமலிருப்பதுதான் அவருக்கு லாபம். இதையெல்லாம் வீட்டில் பார்த்து வளர்ந்த நீங்கள், அதுவே ஆங்கிலத்தில் அச்சடித்து வந்ததும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கோபம் வருகிறது, தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்த நாட்களில் வீடியோ கிடையாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தால் சேர்த்திருப்பார்கள்.

நடந்தது நடந்துவிட்டது. இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்து இவற்றைத் தேடுங்கள்: எந்தத் தேதியில் முடிகிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, விளம்பர வீடியோ எத்தனை மாதம் சேனலில் இருக்க வேண்டும், உங்கள் முகத்தை அவர்கள் தனியாக விளம்பரத்தில் ஓட்ட உரிமை உண்டா, விலகினால் அபராதம் எவ்வளவு. தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். முன்னறிவிப்புக்கான கடைசித் தேதி ஒரு நாள் தப்பினால் இன்னொரு வருடம்.

அபராதத் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அது உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரச் சொல்லும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு யாருக்கும் வீடியோ செய்யக்கூடாது என்று எழுதியிருந்தால் 27-ஆவது பிரிவுப்படி செல்லாது. நடப்பில் இருக்கும்போது உள்ள தடை வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போட்ட தாளோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பிறகு கணக்கு. ஆறு வீடியோவுக்கு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கொடுக்காத மூன்றின் பங்கு 60,000. அதுதான் உங்கள் பாக்கி, முழுத்தொகை இல்லை. வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருப்பார்கள்; பிடித்தது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் தொகையை ஒப்புக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்கு வந்த கேமராவோ போனோ உங்களிடமே இருந்தால் அதுவும் வருமானம். வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் 2022 ஜூலையிலிருந்து உண்டு. கையில் பணம் இல்லையென்றால் மூன்று வீடியோவையும் முடித்துக் கொடுங்கள். எதைச் செய்தாலும் மின்னஞ்சலில் எழுதிச் செய்யுங்கள், போனில் பேசித் தீர்க்காதீர்கள். நிறுத்தப்போவதாகச் சொன்னதும் இன்னும் பெரிய முன்பணம் வரும். அதில் ஒரு ரூபாய் தொட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரம்மி கூடவே கூடாது. 2025-ல் வந்த இணைய விளையாட்டுச் சட்டப்படி பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். சொன்ன ஆளோடு பேசுவதை நிறுத்துங்கள்.

சேனலை அழிக்காதீர்கள். இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட விளம்பர வீடியோவும் சேர்ந்து அழியும், ஒப்பந்த மீறல் என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். புதிதாகப் போடாமல் விட்டால் போதும். ஆறு மாதம் வீடியோவும் பதிவும் இல்லையென்றால் யூடியூப் விளம்பர வருமானத்தை நிறுத்தலாம். அந்த வருமானம் சேரும் ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். கணக்கை மூடும்போது 10 டாலர் இருந்தாலே தந்துவிடுவார்கள். யூடியூப் ஸ்டூடியோ அமைப்புகளில் அனுமதிப் பட்டியலைத் திறந்து ஏஜென்சி ஆட்கள் இருந்தால் நீக்குங்கள். பல சேனல்களைச் சேர்த்து நடத்தும் அவர்களுடைய நெட்வொர்க்கில் உங்கள் சேனல் இணைக்கப்பட்டிருந்தால் விடுவிப்பையும் எழுதிக் கேளுங்கள். அதுவரை உங்கள் வருமானம் அவர்கள் வழியாகத்தான் வரும்.

பழைய வீடியோக்களையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். விளம்பரம் என்று சொல்லாமல் விட்டவற்றில் கட்டண விளம்பரக் குறியைப் போடுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வீடியோவை நிறுத்தியதால் பொறுப்பு போய்விடாது. பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையைக் கையில் தூக்கிக் காட்டியதோ, மன்னார் வளைகுடாப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கியதோ இருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கைக்காக அதைச் செய்யத் தூண்டியவர்கள் வழக்கு வந்தால் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்கள்.

தம்பியிடம் கொடுப்பதா? அப்பாவின் கடனை வியாபாரி அவர் மகன் பெயரில் எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

எடிட்டரோ கேமரா பிடிக்கும் பையனோ உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தால் ஏஜென்சிக்கு எழுதும் அதே நாளில் அவர்களிடமும் சொல்லுங்கள். இரண்டு மாதச் சம்பளத்தை ஒதுக்கிவையுங்கள். அவர்கள் எடுத்த நல்ல காட்சிகளைத் தொகுத்து, வேலை தேடும்போது காட்டக் கொடுங்கள். நீங்கள் தூக்கம் கெட வேண்டியது இவர்களுக்காக.

பார்ப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். விடைபெறும் வீடியோ போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அது நன்றாக ஓடும், அதைப் பார்த்துப் புது விளம்பரதாரர் வருவார், நீங்களும் இளகிவிடுவீர்கள். யூடியூபின் சமூகப் பதிவில் நான்கு வரி எழுதினால் போதும். பாக்கி இல்லை என்று ஏஜென்சி எழுத்தில் தந்த பிறகு அதைப் போடுங்கள்.