"நல்லா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள்

ஐயாவுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ரப்பர்த் தோட்டம் கைமாறிய பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த குடும்பங்களில் பலவும் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்புப் பகுதியில், வந்து குடியேறின. என் அம்மாவும் அந்தப் பழைய லயத்து அக்காமார்களும் மாலையானால் எங்கள் வீட்டு வாசலில் கூடி, முந்தைய இரவு பார்த்த சீரியலைப் பற்றியே பேசுகிறார்கள். 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த அம்மா, 2023 செப்டம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து காலமானபோது சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பொய்க்கதைக்கு இவ்வளவு கண்ணீரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஆசிரியைகள் சிலர், பார்த்துக்கொண்டிருக்கும் தொடர்களைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நாடகம் முடிவதற்கு முன்பே கருத்துச் சொல்வது முறையா? கதைத் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் குழுவில் மனத்தாங்கலும் வருகிறது. உள்ளூர் நாடகங்களைப் பற்றி மட்டும் குறை எதுவும் எழுதுவதில்லை, ஆதரவாகவே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தாங்கள் இப்போது எந்தத் தொடரைப் பார்க்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நான் என்ன பார்க்கிறேன் என்பது இருக்கட்டும். கதைத் திருப்பம் பற்றிய மனத்தாங்கலுக்கு எளிய வழி உண்டு: எந்த நாளின் எபிசோட் என்பதை முதல் வரியில் குறிப்பிட்டுவிட்டு எழுதுங்கள், பார்க்காதவர் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்.

உங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது மட்டும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் திட்டியது குணசேகரனை, அழுதது மாரிமுத்துவுக்காக. ஒருவன் பெண்களை வீட்டுக்குள் அடக்கி வைத்த கதாபாத்திரம். மற்றவர் அதே தொடருக்குக் குரல் கொடுக்கப் போன நாளில் மாரடைப்பால் இறந்துபோன ஒரு உழைப்பாளி. இந்த இரண்டு பேரையும் உங்கள் அம்மா ஒரு கணமும் குழப்பிக்கொள்ளவில்லை. அதன் பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தபோது, பழையவரின் அதட்டலையும் புதியவரின் அதட்டலையும் உங்கள் வீட்டு வாசலில் எத்தனை நாள் ஒப்பிட்டுப் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தொடரை இயக்கிய திருச்செல்வம்தான் 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரையும் இயக்கினார். ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுகளுக்கு மேல் ஓடிய அதையும் பார்த்து இதையும் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அந்த இயக்குநர் எந்த இடத்தில் கதையை நீட்டுவார், எந்த இடத்தில் ஒரு பெண்ணை வாய் திறந்து பேச வைப்பார் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பட்டம் வாங்கியவர்கள் கட்டுரையாக எழுதினால் அதை விமர்சனம் என்று மதிக்கிறீர்கள், அம்மா வாசலில் உட்கார்ந்து பேசினால் சிரிக்கிறீர்கள். இனி அப்படிச் செய்யாதீர்கள்.

முடிவதற்கு முன்பே பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசத்தான் வேண்டும். கோலங்கள் முடிந்த பிறகுதான் வாய் திறப்பது என்றால் ஆறு ஆண்டுகள் மௌனமாக இருந்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் என்பது நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதப்படுவது. நடிகர் இறந்துபோகிறார், நடிகை மாறுகிறார், கதை அதற்கேற்ப வளைகிறது. அப்படி வளையும் காலத்தில் சொல்லப்படும் கருத்துக்கு இருக்கும் பயன், எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படும் மதிப்புரைக்கு இல்லை.

நான் வளர்ந்த தோட்டத்தில் தொலைக்காட்சி வருவதற்கு முன்பு வானொலி நாடகம்தான் இருந்தது. விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவி முடித்துவிட்டால், மங்குக் கிண்ணங்களில் பால் வடிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் என் தாயாரும் மற்றப் பெண்களும் மர வரிசையோரம் உட்கார்ந்து பசியாறிக்கொண்டே, முந்தைய இரவு கேட்ட நாடகத்தைப் பிரித்துப் போடுவார்கள். அவன் அவளை விட்டுப் போனது சரியா, மாமியார் அழுதது உண்மையான அழுகையா, அடுத்த வாரம் என்ன நடக்கும், நடப்பதை விட்டுவிட்டு என்ன நடந்திருக்க வேண்டும் என்றெல்லாம் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, கதாசிரியர் சொன்ன முடிவை ஏற்றுக்கொள்ளாமல் தன்னுடைய முடிவைச் சொல்லி, அதுதான் நியாயம் என்று மற்றவர்களை ஒப்புக்கொள்ளவும் வைத்தார். கதை என்பதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பெண்களிடம்தான்.

இதனால்தான், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வரும் அந்த ஒரு வரி என்னை உறுத்துகிறது. உள்ளூர் நாடகங்களைப் பற்றி ஆதரவாகவே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். இந்த முடிவை உங்கள் குழு மட்டும் எடுக்கவில்லை, இந்த நாட்டுத் தமிழர்களில் பெரும்பாலோர் பேசி வைத்துக்கொண்டதுபோல் எடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் தொடரை உரிமையோடு திட்டுகிறோம், உரிமையோடு கொண்டாடுகிறோம். நம் ஊரில், நம் பிள்ளைகள் எடுத்த நாடகம் என்றதும் மரியாதையாக ஒரு வாழ்த்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறினால் வீட்டுப் பிள்ளைக்கு வயிறு நிறையுமா?

உள்ளூர் நாடகம் ஒன்றில், தோட்டத்துப் பெண் ஒருத்தி பால்மரம் சீவுகிற காட்சி வந்தது. வாழ்நாளெல்லாம் மரம் சீவிய என் பெரியம்மா அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி தொடங்கிய மறுகணமே, "கோட்டை மாத்திப் போடுறா பாரு, இந்த வெயில்ல எங்க பால் வரும்?" என்றார். அவர் சொன்ன இரண்டும் சரி. சீவும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும், ஏனென்றால் பட்டைக்குள் பால் குழாய்கள் சாய்வாகச் சுற்றிச் செல்கின்றன, அந்தச் சரிவில் வெட்டினால்தான் அவற்றில் அதிகமானவை அறுபடும். விடியற்காலைக் குளிரில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏறினால் அது தளர்ந்து பால் குறைந்துவிடும். நாடகத்தில் அந்தப் பெண் உச்சி வெயிலில், தலைகீழான சரிவில் சீவிக்கொண்டிருந்தாள். அது மட்டுமா, பேராக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளாகக் காட்டப்படும் அவள், சென்னைத் தொடர்களில் கேட்ட தமிழைத்தான் பேசினாள். நம் தாமானில் வாங்க போங்க என்பதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'லா' ஒரு முறைகூட அவள் வாயில் வரவில்லை. பெரியம்மா அதையும் கவனித்துச் சொன்னார்.

சில மாதங்கள் கழித்துக் கோயில் திருவிழாவுக்கு அந்த நாடகத்தில் நடித்த பையன் ஒருவன் வந்தான். பெரியம்மாவைக் கும்பிட்டு, நாடகம் எப்படி இருந்தது என்று கேட்டான். "நல்லா இருந்துச்சிப்பா, நம்ம பிள்ளைங்க செஞ்சது" என்றார் அவர். பையன் மகிழ்ச்சியாகப் போய்விட்டான். எந்தத் திரைப்படப் பள்ளியிலும் கிடைக்காத பாடம் ஒன்று தன் முன்னாலேயே நின்றது அவனுக்குத் தெரியாது. பெரியம்மாவிடம் பிறகு கேட்டேன். பையன் மனம் நொந்துபோவானே என்றார். அவருடைய அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையனுடைய அடுத்த நாடகத்திலும் ஒரு பெண் உச்சி வெயிலில் மரம் சீவுவாளானால், அதற்கு அவன் மட்டும் பொறுப்பாளி ஆகமாட்டான்.

நம்மவர்களுக்குப் பணம் குறைவு, வாய்ப்புக் குறைவு, திட்டினால் இருப்பதும் நின்றுபோகும் என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள். பணம் குறைவு என்பது உண்மைதான். கோடு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று ஒரு பழைய பால்வெட்டுக்காரரிடம் கேட்டு வருவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? தோட்டத்துக் குடும்பம் வீட்டுக்குள் எப்படிப் பேசும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு? நமக்குப் பணம் போதாத இடங்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். கவனம் போதாத இடத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். சென்னைத் தொடர் நீள்வதும் முடிவதும் பெரும்பாலும், எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பு வாரந்தோறும் தரும் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு இந்திய வீடுகளில் பொருத்திய கருவிகளிலிருந்து எடுக்கப்படுவது. சுங்கை சிப்புட் வாசலில் உங்கள் அம்மா எவ்வளவு கூர்மையாகப் பேசினாலும் அது அதில் ஏறாது. நம் நாடகத்தை எடுப்பவர்களோ ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு வருகிறார்கள், கடைத்தெருவில் எதிர்ப்படுகிறார்கள். நம் பேச்சைக் கேட்டு ஒரு காட்சியை மாற்றக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்களிடம்தான் நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆகவே உங்கள் குழுவின் முடிவை மாற்றுங்கள். அடுத்த உள்ளூர்த் தொடர் ஓடத் தொடங்கும் வாரத்திலேயே, அம்மாவையும் அந்த அக்காமார்களையும் பேசச் சொல்லிக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். நீங்கள் திருத்தாதீர்கள், மென்மையாக்காதீர்கள். நன்றாக இருந்த காட்சி எது, எதனால் நன்றாக இருந்தது என்பதையும் அவர்களே சொல்லட்டும். நம்மவர்களுக்கு அந்தப் பாராட்டும் விவரமாக இதுவரை கிடைத்ததில்லை. பிறகு அதை எடுத்தவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

எதிர்நீச்சலின் இரண்டாம் பகுதி 2024 டிசம்பரில் தொடங்கியபோது கதாநாயகி ஜனனியாக வேறொரு நடிகை வந்தாரே, அவரை உங்கள் அம்மா ஏற்றுக்கொண்டாரா? அடுத்த கடிதத்தில் அதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.