பெயர்ப் பட்டியலில் உங்கள் பெண் இருக்கிறாளா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பெண்பிள்ளைகளின் விளையாட்டு கிளப்புகள், அவற்றின் பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். அவற்றிலிருந்த வசவுகளையும் சுருக்கியிருக்கிறேன். என் வசவுகள் மட்டும் முழுசாக இருக்கின்றன.

கே: பதினெட்டுப் பெண்களை வைத்து வாலிபால் கிளப் ஆரம்பித்திருக்கிறோம். விபத்து பாலிசி ஒன்று போதும், அதிலேயே எல்லாம் வந்துவிடும் என்கிறார் ஏஜென்ட். மைதானத்துக்காரரோ பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சாவி தரமாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?
— கிளப் செயலாளர்

ப: மைதானத்துக்காரர். அடித்த பந்து வேலி தாண்டிப் போய், நடந்துபோகிற ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடியை உடைக்கிறது என்று வையுங்கள். அவர் நட்டஈடு கேட்டு வந்து நிற்பது உங்கள் கிளப் வாசலில். அதைக் கொடுப்பது பொறுப்புக் காப்பீடு. அதே பந்துக்குப் பாய்ந்த பெண்ணின் விரல் ஒடிந்தால் அந்தச் செலவு, மருத்துவச் செலவுப் பிரிவு சேர்ந்திருந்தால், விபத்து பாலிசியில் வரும். இரண்டும் தனித்தனி. ஒன்றை வாங்கினால் மற்றது இலவசமாக ஒட்டிக்கொண்டு வராது.

பொறுப்பு பாலிசி எடுக்கும்போது ஒரு வரியைத் தேடுங்கள். 'போட்டியிலோ பயிற்சியிலோ பங்கேற்பவர்களுக்கு ஏற்படும் காயம் சேராது' என்று பல பாலிசிகளில் இருக்கும். விளையாட்டு கிளப்பில் பங்கேற்பவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த வரியை எடுத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். பிரீமியம் ஏறும், பரவாயில்லை. கோச்சும், சம்பளமில்லாமல் உதவிக்கு வரும் பெற்றோரும் பாலிசிக்குள் வருகிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம், கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பதிவில்லாத கிளப்புக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற தகுதி பெரும்பாலும் கிடையாது. வழக்கு வந்தால் கமிட்டிக்காரர்களின் சொந்தப் பையைத்தான் தொடும். செயலாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அது உங்கள் பை.

கே: பாலிசி நாற்பது பக்கம் இருக்கிறது. முழுவதும் படிக்க வேண்டுமா?

ப: 'விதிவிலக்குகள்' என்ற பக்கத்தைப் படியுங்கள். மிச்சத்தை விளம்பரத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

கே: என் மகளுக்குப் பதினைந்து வயது, கூடைப்பந்து ஆடுகிறாள். குதித்து இறங்கும்போது முட்டி மடங்கி ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தது. யாரும் இடிக்கவில்லை, கீழே தள்ளவில்லை, எனவே இது விபத்தே இல்லை என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். கிளப் மூலம் இரண்டு வருடமாகப் பணம் கட்டியிருக்கிறோம்.
— ஒரு தாய்

ப: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். தப்பு உங்கள் மேல் இல்லை. இது என் நெடுநாள் வயிற்றெரிச்சல், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விபத்து பாலிசியைப் பிரித்தால் நடுவில் ஓர் அட்டவணை இருக்கும். ஒரு கண் போனால் இத்தனை சதவீதம், ஒரு கை போனால் இத்தனை, கட்டைவிரல் போனால் இத்தனை. ஆலை இயந்திரத்தில் கையை விட்டவரை மனதில் வைத்து எழுதியது போலிருக்கும். பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் நடப்பது வேறு. ஓடி, சட்டென்று நின்று, திரும்புகிற கால்பந்து, கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களில், ஏசிஎல் எனப்படும் அந்த முட்டி ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிப்பதுகூட இல்லை. இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்குகிறது, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். ஆனால் கால் 'போகவில்லை' பாருங்கள், அதனால் அட்டவணைப்படி பூஜ்யம்.

அடுத்த பிரிவு வாராந்தரத் தொகை. வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு, வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் தருவது. பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு ஏது வருமானம்? அங்கேயும் பூஜ்யம். கடைசியில் உதவுவது மருத்துவச் செலவுப் பிரிவு ஒன்றுதான். மலிவு பாலிசிகளில் அதைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்த பிறகும் பிசியோதெரபிக்கு எத்தனை தடவை என்று ஒரு வரம்பு இருக்கும். அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும், பிசியோ மாதக்கணக்கில் இழுக்கும். செலவு எங்கே போகிறது என்று பில்லை அடுக்கி வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் டீமுக்கு என்று பாலிசி விற்கிறவர்கள் பெண்களுக்கு எது உடைகிறது, எது கிழிகிறது என்று ஒருநாளாவது விசாரித்திருக்க வேண்டாமா?

இப்போது செய்ய வேண்டியது. பாலிசியில் 'விபத்து' என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தை எடுங்கள். திடீரென்று, எதிர்பாராமல், புறக் காரணத்தால், கண்ணுக்குத் தெரியும்படி நேர்ந்தது என்கிற மாதிரி இருக்கும். உடலின் எடையோடு கால் தரையில் மோதியது புறக் காரணம்தான் என்று வாதாடலாம். சிகிச்சை செய்த மருத்துவரிடம், நடந்ததை நடந்தபடி, எந்த அசைவில் எப்படிக் கிழிந்தது என்று எழுதி வாங்குங்கள். அன்றைய ஸ்கோர் ஷீட், நடுவரின் குறிப்பு, உடன் ஆடிய இருவரின் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மேல்முறையீடு அனுப்புங்கள். அங்கும் மறுத்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடமோ நுகர்வோர் மன்றத்திலோ போகலாம். மறுப்புக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து காலக்கெடு ஓடும், தள்ளிப்போடாதீர்கள்.

இதைப் படிக்கிற கோச்சுகளுக்கு ஒரு வார்த்தை. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடந்து, 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இருபது நிமிட வார்ம்-அப் பயிற்சியை ஒழுங்காகச் செய்த கிளப்புகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையான காயங்கள் பாதிக்குக் கிட்டக் குறைந்தன. அதற்குப் பிரீமியம் கிடையாது.

கே: கிளப் எங்களிடம் 'சங்கப் பதிவுக் கட்டணம்' வாங்கியது. போட்டி நாளன்று போனால் பட்டியலில் என் மகள் பெயரே இல்லை, ஆடவிடவில்லை. அழுதுகொண்டே வந்தாள். கேட்டால் 'அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள்.

ப: இது மறதி என்று அவர்கள் சொல்வார்கள். எத்தனை பெண்களின் பணத்தை மறந்தார்கள் என்று மற்ற பெற்றோரையும் விசாரியுங்கள். அந்த விளையாட்டின் மாநில அல்லது தேசிய சங்கத்துக்கு நேரே எழுதி, உங்கள் மகள் எந்தத் தேதியிலாவது பதிவு செய்யப்பட்டாளா என்று கேளுங்கள். 'இல்லை' என்ற பதில் எழுத்தில் வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ரசீதோடு அதை இணைத்து, பதிவுப் பணத்தையும் அந்தப் போட்டிக்காகச் செய்த செலவையும் திருப்பித் தரச் சொல்லி, நாள் குறித்துக் கடிதம் அனுப்புங்கள். 'அடுத்த சீசனில் கழித்துக்கொள்கிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவு இல்லாத பெண்ணுக்குச் சங்கத்தின் குழு இன்சூரன்ஸும் பெரும்பாலும் கிடையாது என்பதையும் கடிதத்தில் சொல்லுங்கள். இத்தனை மாதம் அந்தக் குழந்தையை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஆடவிட்டிருக்கிறார்கள்.

கே: எங்கள் பெண்கள் டீமுக்கு ஆண்கள் கிளப்பைவிடத் தலைக்குக் கட்டணம் அதிகமாக வருகிறது. இது பாகுபாடு இல்லையா?

ப: பாதி கணக்கு, பாதி பாகுபாடு. விளையாட்டுச் சங்கத்துக்குக் கிளப் கட்டும் இணைப்புக் கட்டணம் பெரும்பாலும் எத்தனை பேர் ஆடினாலும் ஒரே தொகை. அதை அறுபது பையன்கள் பங்குபோட்டால் ஒரு கணக்கு, பதினான்கு பெண்கள் பங்குபோட்டால் வேறு கணக்கு. இன்சூரன்ஸிலும் குறைந்தபட்சப் பிரீமியம் என்று ஒன்று உண்டு, சின்ன டீமை அதுதான் கடிக்கும். தனிக் கிளப்பாக நிற்காமல், ஏற்கெனவே பதிவான கிளப்பின் பெண்கள் பிரிவாகச் சேர முடியுமா என்று பாருங்கள். அல்லது நான்கைந்து பெண்கள் கிளப்புகள் சேர்ந்து ஒரே குழு பாலிசி எடுங்கள்.

பாகுபாடு எங்கே என்றால், அதே கட்டணம் கட்டியும் மைதானம் கிடைப்பது பையன்கள் ஆடி முடித்த நேரத்தில்தான் என்பதில். கால்பந்தில் இன்னொரு கூத்து. சின்ன வயதில் வளர்த்துவிட்ட கிளப்புக்கு, பையன் தொழில்முறை ஆட்டக்காரனாகப் போகும்போது பயிற்சி ஈட்டுத்தொகை உண்டு. ஃபிஃபாவின் ஆட்டக்காரர் மாற்ற விதிகளில், 20-ஆம் பிரிவில், பெண்கள் கால்பந்துக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். செலவழிப்பதற்கு மட்டும் சமத்துவம்.

கே: 'எது நடந்தாலும் கிளப் பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் கேட்க முடியாதா?

ப: முடியும். கவனக்குறைவைக் கையெழுத்து வாங்கி மறைத்துவிட முடியாது என்பதே பல நாட்டுச் சட்டங்களின் நிலை. பிரிட்டனில் 1977-ல் வந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கவனக்குறைவால் வந்த மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வைத்தால் செல்லாது. ஆனால் ஆட்டத்தில் இயல்பாக நேர்கிற காயத்துக்குக் கிளப்பைப் பிடிக்க முடியாது. கட்டாத கோல் கம்பம் சரிந்து மேலே விழுந்தால் பிடிக்கலாம்.

கே: போட்டிக் கட்டணம், இன்சூரன்ஸ், ஜெர்சி எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உடனே அனுப்பினால் தள்ளுபடி என்றார்கள். அனுப்பினேன். இப்போது அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் ஆனது. என்ன செய்யலாம்?

ப: போன வருடமும்! சரி, உடனே வங்கிக்கும் சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் கொடுங்கள், முதல் சில மணி நேரம் முக்கியம். கடிதம் எனக்கு வந்து சேர்ந்த நேரத்துக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. இன்சூரன்ஸ் என்று ஒருவர் சொன்னால் பாலிசி எண்ணைக் கேளுங்கள், கம்பெனிக்குப் போன் போட்டுச் சரிபாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஜெர்சி சைஸை மட்டும் மூன்று தரம் சரிபார்த்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. என் பெண் ஆடிய டீமுக்கு ஒரு வருடம் நான்தான் பாலிசி வாங்கினேன். இருந்ததிலேயே மலிவானது, பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். சீசன் தொடக்கத்தில் கொடுத்த பெயர்ப் பட்டியலுக்கு மட்டும்தான் அது செல்லும். நடுவில் சேர்ந்த மூன்று பெண்களின் பெயரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மணிக்கட்டு ஒடிந்தது அந்த மூவரில் ஒருத்திக்கு. மாவுக்கட்டின் மேல் மற்ற பெண்கள் எல்லோரும் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் எல்லோர் பெயரும் இருந்தது. செலவை நான் கட்டினேன். அதற்கு முந்தைய வருடம், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டி, எட்டாவது மாதம் கிளப் மூடிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

கே: கிளப்பில் எனக்கு மேட்சுக்கு ஒரு சிறு தொகை தருகிறார்கள். நான் அமெச்சூரா இல்லையா?
— கால்பந்து ஆடும் கல்லூரி மாணவி

ப: நல்ல கேள்வி, தங்கை. ஃபிஃபா விதிப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் வாங்கினால்தான் தொழில்முறை ஆட்டக்காரர். மற்ற எல்லோரும் அமெச்சூர். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தனி அகராதி. பணம் வாங்கி ஆடுபவர்கள் சேரமாட்டார்கள் என்று சில பாலிசிகளில் மொட்டையாக எழுதியிருக்கும். பஸ் டிக்கெட், ஷூ ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் வாங்குவது செலவுத் தொகைதான் என்று கிளப்பிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: மகளின் பழைய முட்டிக் காயத்தைப் படிவத்தில் எழுதாமல் விட்டால் என்ன?

ப: கிளெய்ம் வராது.

கே: எங்கள் பாலிசி முடிந்து நான்கு நாள் கழித்து இறுதிப் போட்டி. 'நீங்கள் ஆடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் ஏஜென்ட்.

ப: அந்த நான்கு நாளுக்குக் கம்பெனியிடமிருந்து நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்பதை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தரமாட்டார். நடுவில் யாராவது புதிதாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பெயர்களையும் இப்போதே அனுப்பிவிடுங்கள்.