ஐந்து சரி, ஆறாவது?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாவது படிக்கும் என் மகள் 4294967297 என்ற எண்ணைக் காட்டி, இது பகா எண்ணா, பார்த்ததும் சொல்ல வழி உண்டா என்று கேட்டாள். கைபேசியில் தேடினேன். பகு எண், இரண்டே பகாக் காரணிகள், குறைவு எண் என்று பட்டியல் நீண்டது. இப்படியெல்லாம் வகை பிரித்து என்ன பயன்? இலக்கங்களைக் கூட்டினால் 59, கடைசியில் 5 வருகிறது. அதிர்ஷ்ட எண்ணா?

ம.

அன்புள்ள ம.,

எண் ஜோசியத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். குறைவு எண் என்பதிலும் பெரிய சங்கதி இல்லை. தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் 6701059தான் தேறும், எண்ணைவிடக் குறைவு, அவ்வளவே.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். இவ்வளவு பெரிய பட்டியலை அனுப்பினீர்களே, ஒரு வகுத்தலாவது போட்டுப் பார்த்தீர்களா?

2, அதன் வர்க்கம், அந்த வர்க்கத்தின் வர்க்கம் என்று போய் ஒவ்வொன்றோடும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். இனி வருவதெல்லாம் அப்படித்தான் என்று 1640இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். நிரூபணம் கையில் இல்லை. ஆறாவதுதான் உங்கள் மகள் காட்டியது.

1729இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றி இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆய்லர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (கடிதங்களுக்கு அப்படியும் ஒரு விதி உண்டு.) 1732இல் உடைத்துவிட்டார்: 641 × 6700417. எப்படி என்பதைப் பின்னால் எழுதினார். இதற்குக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாகப் பாருங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல்! தொண்ணூற்றிரண்டு வருஷம் ஒரு மேதையின் பேச்சு நின்றது, ஐந்து வகுத்தலில் விழுந்தது. 65537க்கு மேல் ஃபெர்மாவின் அந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இரவில் சிட்டையை மேலிருந்து கூட்டுவார், பிறகு கீழிருந்து கூட்டுவார். “மேலேருந்தே திரும்பக் கூட்டினா மனசு முன்னே சொன்னதையே சொல்லும்டா” என்பார். மாதக்கணக்காகச் சரியாக வருகிறதே என்று ஒருநாள் நான் கீழிருந்து கூட்டாமல் மூடிவைத்தேன். ஒன்பது ரூபாய் உதைத்தது. அவர் திட்டவில்லை. விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். உங்கள் மகள் காட்டிய இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் அந்த விளக்குதான் ஞாபகம் வருகிறது.

சரி, மகளின் கேள்வி. பார்த்ததும் சொல்ல வழி இல்லை. 2, 3, 5 மாதிரிச் சின்ன எண்களால் வகுபடுமா என்பது மட்டும்தான் பார்வைக்குத் தெரியும். நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், நீங்கள்தான் கைபேசியை நீட்டிக் கெடுத்திருக்கிறீர்கள். 6700417ஐ 641ஆல் பெருக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் தனியாகப் போடுங்கள். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.