கள்ளிப்பெட்டியும் கழுதைத் தாடையும்

கேள்வி: பெரு நாட்டு நடன நிகழ்ச்சி ஒன்றில், ஒருவர் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டினார்; அருகிலிருந்தவர் எலும்பு போன்ற எதையோ கையால் குத்திக்கொண்டிருந்தார். அது என்ன ஆட்டம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் ‘ஃபெஸ்தெஹோ’வாகத்தான் இருக்கும். பெருவின் கடலோரத்தில், தலைநகர் லிமாவிலும் அதற்குத் தெற்கே சின்ச்சா வட்டாரத்திலும் வாழும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களுக்குரிய துள்ளலான கொண்டாட்ட இசையும் ஆட்டமும் அது.

பெட்டியின் பெயர் ‘கஹோன்’. சரக்கு வந்த கள்ளிப்பெட்டிகளைத் தட்டிப் பழகியதிலிருந்து இது உருவானது என்பார்கள். முன்பக்கம் மெல்லிய பலகை, பின்பக்கம் வட்டத் துளை. மேலே உட்கார்ந்தவர் கால்களுக்கிடையே கையை இறக்கிப் பலகையின் நடுவில் அறைந்தால் ‘தொம்’ என்றும், மேல்விளிம்பில் விரல்நுனியால் தட்டினால் ‘டக்’ என்றும் ஒலிக்கும். தோற்கருவி என்று சொல்லத் தோலே இல்லாத இந்தப் பெட்டியைப் பெரு அரசு 2001-இல் தேசத்தின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

நீங்கள் பார்த்த எலும்பு கழுதையின் கீழ்த்தாடை. நன்றாக உலர்ந்ததும் கடைவாய்ப் பற்கள் குழிகளில் தளர்ந்து ஆடத் தொடங்கும். பக்கவாட்டில் முட்டியால் குத்தினால் அத்தனை பற்களும் சேர்ந்து கிலுகிலுக்கும், பல்வரிசையைக் குச்சியால் உரசினால் கரகரக்கும். தேவாலயக் காணிக்கைப் பெட்டியை ஒத்த ‘கஹித்தா’ என்ற சிறு பெட்டியும் உண்டு. கழுத்தில் தொங்கவிட்டு, ஒரு கையால் மூடியைத் திறந்து மூடியபடியே மறுகையால் குச்சிகொண்டு அடிப்பார்கள்.

கேள்வி: அப்படியானால் இது ஆப்பிரிக்காவிலிருந்து அப்படியே வந்த ஆட்டமா?
- அதே வாசகி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பெருவில் அடிமைமுறை ஒழிந்தது 1854-இல். அதற்கு நூறாண்டுகள் கழித்து, பழைய பாடல்கள் பலவும் முதியவர்களின் நினைவில் துண்டு துண்டாகவே எஞ்சியிருந்த நிலையில், கவிஞர் நிக்கோமெதெஸ் சாந்தா குரூஸும் அவருடைய அக்காள் விக்தோரியாவும் அவற்றைத் தேடியெடுத்து மேடையேற்றினார்கள். 1969-இல் ரொனால்தோ கம்போஸ் தொடங்கிய ‘பெரு நேக்ரோ’ குழு அதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றது. அடவுகள் மறந்துபோன இடங்களில் கலைஞர்களே புதிதாக அமைத்துக்கொண்டார்கள். அதனாலேயே இதைப் போலி என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மேடைக்கு வெளியே, சின்ச்சாவை அடுத்த எல் கார்மன் ஊரில், கிறிஸ்துமஸ் நாள்களில் வயலின் இசைக்கு ஏற்பக் கால்தட்டி, குழந்தை இயேசுவை வணங்கி ஆடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. யுனெஸ்கோ 2019-இல் அதை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஃபெஸ்தெஹோ தாளத்தில் ஆடும் ‘அல்காத்ராஸ்’ இவ்வளவு பக்தியானதல்ல: இடுப்பின் பின்புறம் செருகிய காகித வாலை ஆட்டிக்கொண்டே பெண் விலகுவாள்; எரியும் மெழுகுவர்த்தியோடு ஆண் துரத்துவான்; தாளம் ஓய்வதற்குள் அந்தக் காகித வாலை அவன் பற்றவைத்தாக வேண்டும்.